இருட்டை அளந்துட்டு வா மருமகனே

வாங்கு மருமகனே, பெரிசாவே வாங்கு. நாலு கடை ஏறி இறங்கி, கலர்ப் படம் போட்ட நோட்டீசு ஒரு கத்தை கொண்டாந்திருக்கே. அஞ்சு கேவிஏ இன்வெர்ட்டர், நாலு பேட்டரி, அதுகளைக் குடிவைக்க மாடிப்படிக்குக் கீழ தனியா ஒரு ரூம்பு. மாமன் எதுக்குக் குறுக்க நிக்கப்போறேன்? புது வீட்டுக்குப் பால் காய்ச்சின ஈரம் இன்னும் காயலை. கரண்டு போனா தெருவே இருட்டுல கெடக்கணும், உன் வீட்டுல மட்டும் ஏசி ஓடணும், அந்தச் சத்தத்தைக் கேட்டு எதுத்த வீட்டுக்காரன் பாயில புரளணும். நியாயமான ஆசைதான். எனக்கே அவன் புரளுறதைப் பாக்கணும்னு இருக்கு.

ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நம்மூர்ல கரண்டு மாசத்துக்கு எத்தனை மணி நேரம் போகுது? "அடிக்கடி போகும் மாமா." சரி, அடிக்கடின்னா எத்தனை? ராத்திரியிலயா, பகல்லயா? ஒருதரம் போனா எவ்வளவு நேரங்கழிச்சு வருது? முழிக்கே பாரு. எந்த ஆட்டத்துல எவன் எத்தனை பந்துல எத்தனை ரன் அடிச்சான்னு கேட்டா மூச்சு விடாம ஒப்பிப்பே. சொந்த வீட்டு இருட்டுக்கு மட்டும் கணக்குக் கிடையாது. கடைக்காரன்கிட்டயும் "அடிக்கடி போகும்"னுதான் சொல்லியிருப்பே. அவன் உனக்குக் காப்பி வாங்கிக் குடுத்திருப்பானே? குடுத்தானா, இல்லையா? அப்பவே எனக்குத் தெரியும்.

கேட்டுக்கோ. நம்ம பக்கத்து இருட்டு ஒரே சாதி இல்ல. மாசத்துல ஒருநாள் பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு நிறுத்துவாங்க. மத்தியானம் 2 மணிக்கும் வரும், சாயங்காலம் 5 மணிக்கும் வரும். எந்தெந்த ஊர்னு முந்தின நாளே பேப்பர்ல பேர் போட்டு வந்துரும். சொல்லிட்டுப் போற கரண்டு அது. அதுக்குப் பேட்டரி எதுக்கு? முந்தின ராத்திரியே மாடித் தொட்டியை நிரப்பி வை. மாவை ஆட்டி வை. சட்டையைத் தேச்சு வை. ஆயிரம் லிட்டர் தொட்டி மேல நிரம்பி நின்னா அன்னைக்குப் பூராவும் உனக்கு மோட்டார் ஓடின கணக்குத்தான். அந்தத் தொட்டிக்கு வாரண்டி அட்டையும் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் வேண்டாம். இதைச் சொன்னா எந்தக் கடையிலயும் காப்பி கிடைக்காது.

இன்னொண்ணு இருக்கு, சித்திரைக் கோடைமழை, ஆடிக்காத்து. தென்னமட்டை லைன் மேல விழும், டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் போகும். லைன்மேன் வந்து ஏறி இறங்குற வரைக்கும் ஒருமணி நேரமோ ரெண்டுமணி நேரமோ இருட்டு. இது பெரும்பாலும் ராத்திரிதான் வரும், அதுவும் பிள்ளைக கண்ணசந்த பெறகு. இன்வெர்ட்டர்னு ஒருத்தன் செஞ்சானே, இதுக்குத்தான் செஞ்சான். இந்த ரெண்டு மணி நேரத்துக்கு.

மூணாவது, புயல், வெள்ளம். 2018 நவம்பர்ல கஜா வந்து வேதாரண்யம் பக்கம் கரையேறுச்சே, அப்ப லட்சம் மின்கம்பத்துக்கு மேல சாஞ்சு போச்சு. வெளிமாநிலத்துல இருந்தெல்லாம் ஆள் வந்து கம்பம் நட்டாங்க. டெல்டாப் பக்கம் சில ஊருக்குக் கரண்டு வர வாரக்கணக்காச்சு. அவ்வளவு தூரம் எதுக்கு, 2023 டிசம்பர்ல நம்ம ஜில்லாவுல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டிச்சு. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்கும்போது தரையில உக்காந்திருக்கிற இன்வெர்ட்டர் என்ன பண்ணும்? அதுவும் சேந்து முங்கும். உன் அஞ்சு கேவிஏயும் முங்கும், பத்து கேவிஏயும் முங்கும். அந்த மாதிரி நாளுக்கு வேண்டியது ஒரு டார்ச்சு, சார்ஜ் ஏத்தின பவர் பேங்க், கேஸ் அடுப்பு, நாலு குடம் நல்ல தண்ணி. வாரக்கணக்கா கரண்டு வராத காலத்துக்கு வீட்டுக்குள்ள வச்சுச் சமாளிக்கிற பேட்டரியை யாரும் உனக்கு விக்கப்போறதில்ல. வித்தா அவன் சொல்லுறதை நம்பாதே.

2012 ஞாபகம் இருக்கா? நீ அப்ப காலேஜ் ஹாஸ்டல்ல இருந்தே. தினம் சென்னைக்கு ரெண்டு மணி நேரம் கரண்டு கட்டு, நமக்குப் பத்து, பன்னெண்டு, சில நாள் அதுக்கு மேலயும். அந்த வருசம் சூலை 30, 31-ல வடக்கே ஒரேயடியா லைன் விழுந்து அறுபது கோடிச் சனத்துக்கு மேல இருட்டுல கெடந்தாங்கன்னு டிவிக்காரன் அலறினான். நம்ம தெக்கத்தி லைனை அப்ப வடக்கோட சேக்கலை, 2013 கடைசியிலதான் சேத்தாங்க. அதனால அன்னைக்கு நமக்கு ஒண்ணும் போகலை. போறதுக்கு நமக்கு என்ன இருந்துச்சு? ஏற்கெனவே போயிருந்த ஊருதானே.

அந்த வருசத்துலதான் நம்ம பக்கம் இன்வெர்ட்டர் வியாபாரம் கொழுத்துச்சு. நகையை அடகு வச்சு வாங்கினவன் இருக்கான். வாங்கிட்டு வந்து மாட்டினா, அது பாதி ராத்திரியில பீப்பு பீப்புன்னு கத்திட்டுப் படுத்துக்கிடும். ஏன்? பேட்டரி நிரம்பணும்னா எட்டு மணி, பத்து மணி நேரம் விடாமக் கரண்டு வேணும். ஒருமணி நேரம் வந்து ஒருமணி நேரம் போனா எங்க நிரம்பும்? அரைவயித்துக்குக் குடிச்சதைக் கக்கிட்டுச் சாகும். அதுபோக இன்னொரு கூத்து. கரண்டு வந்த உடனே தெருவுல இருக்கிற அத்தனை இன்வெர்ட்டரும் ஒரே நேரத்துல சார்ஜ் இழுக்கும். வோல்டேஜ் படுத்துரும், டிரான்ஸ்பார்மர் பியூஸ் போயிரும், மறுபடியும் இருட்டு. இருட்டுக்கு மருந்து வாங்கப்போயி இருட்டை நீட்டிவிட்ட கதை. பேட்டரி கரண்டை உண்டாக்குற சாமான் இல்ல மருமகனே. ஒரு யூனிட்டை உள்ள வாங்கி வச்சு, முக்கால் யூனிட்டைத் திருப்பித் தந்தா நேர்மையான பேட்டரின்னு கும்பிடு. மிச்சம் சூடாப் போயிரும்.

சரி, கணக்குக்கு வருவோம். காலேஜுல கம்ப்யூட்டர் படிச்ச ஆளுக்கு ஏழாங்கிளாசு மாமன் கணக்குச் சொல்லுதேன், சிரிக்காமக் கேளு.

ஊருல சாதாரணமா மாட்டுறது ஒத்தை பேட்டரி, 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-அவர். ரெண்டையும் பெருக்கு, 1,800. அட்டையில இருக்கிற கணக்கு அது. பேட்டரியை அடிவரைக்கும் வழிச்சு எடுத்தா அது சீக்கிரம் மண்டையைப் போட்டுரும், அதனால அஞ்சுல நாலு பங்குதான் எடுக்கலாம். அதுல இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னுக்கிடும். கடைசியில உன் கைக்கு வாறது ஏறக்குறைய 1,200 வாட்-மணி. இதை மனசுல எழுதி வச்சுக்கோ. கடைக்காரன் 1,800-ல பேசுவான், நீ 1,200-ல பேசு.

இப்ப உன் வீட்டைப் பாரு. நாலு பழைய ஃபேன், ஒவ்வொண்ணும் 75 வாட்டு, ஆக 300. லைட்டு எல்லாஞ் சேத்து ஒரு 60. மொத்தம் 360. 1,200-ஐ இதால வகுத்தா மூணு மணி நேரத்துக்குச் சொச்சம். அந்த நாலு ஃபேனையும் கழட்டிட்டு, புதுசா வந்திருக்கே பிஎல்டிசி ஃபேன், அதை மாட்டு. ஒண்ணு 30 வாட்டு. நாலுக்கு 120, லைட்டு 60, மொத்தம் 180. அதே பேட்டரி இப்ப ஆறு மணி நேரத்துக்கு மேல இழுக்கும். ரெண்டாவது பேட்டரி வாங்கின மாதிரியாச்சு. அதுவும் கரண்டு இருக்கிற நாள்லயும் மீட்டரைக் குறைக்கிற ரெண்டாவது பேட்டரி. ஃபேன் ஒண்ணு 3,000 ரூவா பக்கம் வரும். முதல்ல ரெண்டு மாத்து, நீங்க படுக்கிற ரூம்புல ஒண்ணு, உங்கம்மா படுக்கிற இடத்துல ஒண்ணு. எந்த இன்வெர்ட்டர்க் கடைக்காரனாவது "தம்பி, முதல்ல ஃபேனை மாத்திட்டு வா"ன்னு சொல்லியிருந்தா அவன் கால்ல விழு. சொல்லியிருக்க மாட்டான்.

ஏசியா? ஒன்றரை டன்னு, 1,500 வாட்டுப் பக்கம் இழுக்கும். 1,200-ஐ 1,500-ஆல வகுத்துப் பாரு. முக்கால் மணி நேரம் குளுகுளுன்னு இருந்துட்டு, மிச்ச ராத்திரி பூராவும் கொசுவுக்கு விருந்து வைக்கலாம். அதுவும் சின்ன இன்வெர்ட்டர்ல ஏசி கிளம்பவே கிளம்பாது. மோட்டார் அதைவிட மோசம். ஒரு ஹெச்பின்னா 746 வாட்டுன்னு அட்டையில இருக்கும், ஆனா சுவிட்சைத் தட்டின அந்த நொடியில அதைப்போல பல மடங்கு இழுக்கும். இந்த ஒத்தை நொடிக்காக நீ இன்வெர்ட்டரை ரெண்டு மூணு மடங்கு பெரிசா வாங்கணும். தொட்டியை நிரப்பி வைன்னு சொன்னேன்ல, இப்பப் புரியுதா?

ஃபிரிட்ஜுக்குப் பயப்படாதே. கதவைத் திறக்காம வச்சா நாலு மணி நேரம் குளிர்ச்சி தங்கும். ஆனா உங்க வீட்டுல கரண்டு போன உடனே முதல்ல நடக்கிறது என்ன? "ஐயோ ஃபிரிட்ஜு!"ன்னு ஒரு ஆள் ஓடிப்போயி அதைத் திறந்து பாக்குறது. குளிர்ச்சி போயிருச்சான்னு பாக்கவே குளிர்ச்சியைப் போகவைக்கிற குடும்பம்.

மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், கரண்டு அடுப்பு இதுகளுக்கெல்லாம் இன்வெர்ட்டர் லைனே இழுக்கச் சொல்லாதே. எலக்ட்ரீசியன் வாரபோது கூடவே நில்லு. இன்வெர்ட்டருக்குத் தனி லைன், தனி நியூட்ரல். "எல்லாத்துக்கும் ஒண்ணாக் குடுத்துருதேன் அண்ணாச்சி"ன்னு அவன் சொன்னா, அவனுக்குச் சோலி சீக்கிரம் முடியணும்னு அர்த்தம். பெறகு வருசம் பூராவும் நீ எதையாவது தட்டும்போதெல்லாம் டிரிப்பர் விழும்.

கம்ப்யூட்டர் வேலை, வீட்டுல இருந்து பாக்குதே, கரண்டு போனா வெள்ளைக்காரன் கோவிச்சுக்கிடுவான்ங்கே. லேப்டாப்புக்கு வயித்துக்குள்ளயே பேட்டரி இருக்கு. அந்த வைஃபை பெட்டிக்கு வேண்டியது பத்துப் பதினஞ்சு வாட்டு. அதுக்குன்னே கையகலத்துல ஒரு சின்ன யுபிஎஸ் விக்கான், போதும். ஆனா ஒண்ணு விசாரிச்சுக்கோ. தெருமுனையில கேபிள்காரன் ஒரு பெட்டி மாட்டியிருக்கானே, கரண்டு போனா அதுவும் அணையுதா? அணைஞ்சா உன் வீட்டுல அம்பது கேவிஏ இருந்தாலும் நெட்டு வராது. வெள்ளைக்காரனுக்குத் தபால் கார்டுதான் போடணும்.

இப்ப வாங்குற சாமானைப் பத்திச் சொல்லுதேன். சைன் வேவ், ஸ்கொயர் வேவ்னு ரெண்டு சொல்லுவான். ஸ்கொயர் வேவ் விலை கம்மி. அதுல ஃபேன் "ம்ம்ம்"னு முனங்கிக்கிட்டே சுத்தும், மோட்டார் சூடாகும். உங்க அம்மாவுக்கு ஏற்கெனவே தூக்கம் கிடையாது. சைன் வேவே வாங்கு. பேட்டரியில டியூபுலர்னு கேளு, அதுலயும் உசரமானது. வாரண்டியை மட்டும் கண்ணாடி போட்டுப் படி. "60 மாசம் வாரண்டி"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும். கீழ பொடி எழுத்துல 36 கூட்டல் 24-ன்னு பிரிச்சிருப்பான். முதல் 36 மாசம் கெட்டுப்போனா புதுசு தருவான். பிந்தின 24 மாசம்? புதுசு வாங்கினா விலையில கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான். பேட்டரி எந்த மாசத்துல சாகுறதுன்னு அதுக்கு நல்லாத் தெரியும், 37-ஆவது மாசம் பாத்து வச்சிருக்கும். பழைய பேட்டரி யார்ட்டயாவது இருந்தா கேட்டு வாங்கிட்டுப் போ, ஈயத்துக்கு விலை உண்டு, கழிச்சுக்கிடுவான். எடைபோடும்போது தராசைப் பாரு, அவன் பேச்சைப் பாக்காதே.

இதை எந்தக் கடைக்காரனும் சொல்ல மாட்டான், பாத்துக்கோ. இன்வெர்ட்டருக்குப் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்சு இருக்கும். யுபிஎஸ்னு ஒரு பக்கம், சாதாரணம்னு இன்னொரு பக்கம். யுபிஎஸ் பக்கம் வச்சா வோல்டேஜ் 180-க்குக் கீழ இறங்கின உடனே "கரண்டு போயிருச்சு"ன்னு முடிவு கட்டி பேட்டரிக்குத் தாவிரும். நம்மூர்ல சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வோல்டேஜ் எங்க நிக்கும்? டியூப் லைட்டு கண்ணடிக்கும். ஆக, கரண்டு இருக்கும்போதே உன் பேட்டரி கரைஞ்சுக்கிட்டு இருக்கும். நெசமாவே கரண்டு போற நேரத்துல கையை விரிச்சுரும். "பேட்டரி மோசம்"னு கடையில போயி சண்டை போடுவே. அந்தச் சுவிட்சைச் சாதாரணத்துக்குத் தள்ளி வை. 100, 110 வோல்ட் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு லைன் கரண்டுலயே ஓட்டும். மேசைக் கம்ப்யூட்டர் அணையாம ஓடணும்னு இருக்கிறவனுக்கு மட்டும் யுபிஎஸ் பக்கம்.

பேட்டரி வளக்கிறது உழவுமாடு வளக்கிற மாதிரி. நேரத்துக்குத் தண்ணி காட்டணும், ஓட ஓட விரட்டக்கூடாது, சும்மா கட்டியே போட்டாலும் கால் மரத்துரும். மாசம் பொறந்தா மிதவையை ஒருக்கா எட்டிப் பாரு. சிவப்புக்கு வந்துட்டா டிஸ்டில்டு வாட்டர் ஊத்து. நம்ம கரிசக்காட்டு போர்த் தண்ணியை ஊத்திராதே, அதுல குளிச்சா சோப்பே நுரைக்க மாட்டேங்கு, உப்புப் பூத்துப் பேட்டரி செத்துரும். முனையில பச்சையா பூத்து நின்னா, மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திட்டு வெந்நி விட்டுத் துடைச்சு வாசலின் தடவு. கரண்டே போகாத மாசத்துலயும் ஒருநாள் வேணும்னே நிறுத்தி ஒருமணி நேரம் பேட்டரியில ஓட்டு. பெறகு, வைக்கிற இடம். மாடிப்படிக்குக் கீழ மூடின ரூம்புன்னியே, அது வேண்டாம். சார்ஜ் ஏறும்போது அதுல இருந்து ஹைட்ரஜன் கிளம்பும், அது தீப்பிடிக்கிற வாயு, காத்தோட்டம் வேணும். சாமி ரூம்பு வேண்டவே வேண்டாம், கற்பூரம் காட்டுற இடத்துல ஹைட்ரஜனா? முருகனே வேலைப் போட்டுட்டு ஓடிருவாரு. காத்து வாற இடத்துல, தரையை விட்டு உசரமா ஒரு ஸ்டாண்டுல வை. அம்பது அறுபது கிலோ இருக்கும், தூக்கும்போது என்னைக் கூப்பிடாதே. உன் மச்சினனைக் கூப்பிடு, சும்மாத்தானே இருக்கான்.

லித்தியம்னு ஒண்ணு இப்ப வந்திருக்கு. தண்ணி ஊத்த வேண்டாம், எடை கம்மி, சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி வழிச்சு எடுத்தாலும் தாங்கும். எல்லாம் உண்மை. விலையும் உண்மை. தினம் ரெண்டு தடவை கரண்டு போற ஊரா இருந்தா யோசிக்காம வாங்குன்னு சொல்லுவேன். நம்ம ஊருக்கு அது, ஞாயித்துக்கிழமை ஒருநாள் கோயிலுக்குப் போக பஸ்ஸை விலைக்கு வாங்குற செலவு. உனக்கு வேலையே கரண்டுலதான்னா யோசி. பெருமைக்குன்னா எங்கிட்டக் கடன் கேக்காதே.

அடுத்து ஜெனரேட்டர். உன் சித்தப்பன் சொல்லியிருப்பான். அவனுக்கு எதுலயும் சத்தம் வரணும், அவன் தும்மினாலே மூணு தெருவுக்குக் கேக்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூவாயை ஒட்டி நிக்குது. ரெண்டு கேவிஏ மிசினை நல்லா ஓட்டினா மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் குடிக்கும். வீட்டுல எல்லாத்தையும் ஓட்டினா மணிக்கு நூறு ரூவா. அந்தப் பணத்துக்கு ஒரு ஆளை வச்சு விசிறச் சொல்லலாம், அவன் பேச்சுத் துணைக்கும் ஆச்சு. கல்யாண வீடு, கோழிப்பண்ணை, வாரக்கணக்கா இருட்டுல கெடக்கிற புயல் ஊரு, அங்கெல்லாம் அதுதான் ராசா, நான் இல்லேங்கலை. கஜா சமயத்துல ஊர்த் தொட்டிக்குத் தண்ணி ஏத்தினது வாடகை ஜெனரேட்டர்தான்.

வாங்கினா ரெண்டு விசயத்துல மாமன் கேலி பேச மாட்டேன். அதை வீட்டுக்குள்ளயோ, வராண்டாவுலயோ, ஜன்னலுக்கு அடியிலயோ ஓட்டக்கூடாது. அதுல இருந்து வாற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குறவன் தூக்கத்துலயே போயிருவான். மழை நனைக்குதேன்னு கதவுக்கு உள்ள இழுத்து வச்சுச் செத்தவங்க நிறைய. ரெண்டாவது, ரெண்டு முனையிலயும் முள் வச்ச வயரைச் செஞ்சு சுவத்துப் பிளக்குல சொருகி வீட்டுக்குக் கரண்டு குடுக்கிற புத்திசாலித்தனம். மெயின் ஆஃப் ஆகாம இருந்தா அந்தக் கரண்டு மீட்டர் வழியா வெளிய போயி, கம்பத்துல ஏறி, டிரான்ஸ்பார்மருக்குள்ள தலைகீழா நுழைஞ்சு, அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டா வெளிய வரும். அந்நேரம் "லைன் ஆஃப்புல இருக்கு"ன்னு நம்பி மேல ஏறி நிக்கிறவன் நம்ம தெருக்காரன், அவன் பிள்ளையும் உன் பிள்ளையும் ஒரே வேன்ல ஸ்கூலுக்குப் போகுது. சேஞ்ச் ஓவர் சுவிட்சு போடாம ஜெனரேட்டர் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. அதைப் போடுறதுக்கும் லைசென்சு உள்ள ஆளைக் கூப்பிடு, சித்தப்பனைக் கூப்பிடாதே.

சோலாரா? வா, அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். 2024 பிப்ரவரியில சென்ட்ரல் கவர்மெண்டு பிஎம் சூரிய கர்னு ஒரு திட்டம் கொண்டாந்துச்சு. முதல் ரெண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூணோ அதுக்கு மேலயோ போட்டா மொத்தம் 78,000 ரூவா மானியம். நல்ல திட்டம்தான், பில்லு குறையும். மொட்டை மாடியில வெயில் சும்மாதானே கெடக்கு, கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் பக்கம் கறக்கலாம். ஆனா நீ எதுக்குப் போடப்போறே? "கரண்டு போனா உதவும் மாமா." அங்கதான் இருக்கு சமாச்சாரம். மானியத்துக்குப் பெரும்பாலும் மாட்டுறது லைனோட சேந்து ஓடுற சாதி. லைன்ல கரண்டு போனா அதுவும் தானா நின்னுரும். கோளாறு இல்ல, அப்படித்தான் செஞ்சிருக்கான். கம்பத்துல ஏறின லைன்மேனைக் காப்பாத்தணும்ல? ஆக, பராமரிப்பு நாள்ல மத்தியானம் 12 மணி, மண்டையைப் பொளக்கிற வெயில், மாடியில ரெண்டு லட்ச ரூவாப் பலகை பளபளன்னு மின்னும். கீழ நீ பனையோலை விசிறியைத் தேடுவே.

நம்பிக்கை இல்லேன்னா கயத்தாத்துப் பக்கம் போய்ப் பாரு. கண்ணுக்கெட்டின தூரம் காத்தாடி. ஆடிக்காத்து ஆளைத் தூக்கும். லைன் விழுந்தா அத்தனை பெரிய காத்தாடியும் கரண்டு குடுக்காது. அதுக்கும் லைன் வேணும். கரண்டு உண்டாக்குற மிசினுக்கே கரண்டு இருந்தாத்தான் வேலை ஓடும். கவர்மெண்டு ஆபீசுல எத்தனையோ பாத்துட்டோம், இது என்ன புதுசா.

இருட்டுக்கும் சோலார் உதவணும்னா ஹைபிரிட்டுன்னு கேட்டு வாங்கணும், கூடவே பேட்டரியும் வைக்கணும். செலவு எகிறும். பில்லைக் குறைக்கிறது ஒரு சோலி, இருட்டைச் சமாளிக்கிறது வேற சோலி. ரெண்டையும் ஒண்ணாப் பேசி உன்னைக் குழப்புறவன் கையில கையெழுத்துப் போட்டுராதே.

ஆமா, உங்கம்மாவை மறந்துட்டோம் பாரு. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு வெளிய போறவ, மொத்த வீட்டுலயும் இருட்டுல கால் தடுக்கி விழுறதுக்கு வாய்ப்புள்ளவ அவ ஒருத்திதான். இன்வெர்ட்டர் பல்புன்னு கடையில தொங்கும், 9 வாட்டு, உள்ளயே சின்ன பேட்டரி, 300, 400 ரூவாய்க்குள்ள. சாதாரண ஹோல்டர்ல மாட்டிட்டா போதும், கரண்டு போனாலும் மூணு நாலு மணி நேரம் தானா எரியும். அவ படுக்கிற இடத்துல ஒண்ணு, பாத்ரூம்ல ஒண்ணு, படியில ஒண்ணு. நாளைக்கே வாங்கு. நீ அஞ்சு கேவிஏயைப் பத்தி யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மூணு மழை வந்துரும்.

மிச்சத்துக்கு என் யோசனை கேட்டேன்னா, 900 விஏ சைன் வேவ் ஒண்ணு, 150 ஆம்பியர் டியூபுலர் ஒண்ணு, ரெண்டு புது ஃபேன். இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேந்து 20,000-ல இருந்து 25,000-க்குள்ள அடங்கணும். சும்மா நின்னாலும் இன்வெர்ட்டர் பத்துப் பதினஞ்சு வாட்டுத் தின்னும். ரெண்டு மாசத்துக்குக் கவர்மெண்டு சும்மா குடுக்கிற 100 யூனிட்டுல இருபது அங்க போயிரும், அதையும் தெரிஞ்சே வாங்கு. ஆனா எஞ்சொல்லையும் அப்படியே எடுத்துக்கிடாதே. உன் வீட்டு இருட்டு எனக்கென்ன தெரியும்?

வாற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நீயே மெயினை இறக்கிரு. பத்து மணி வரைக்கும் ஏத்தாதே. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு நடுவீட்டுல உக்காரு. யார் எப்ப எதைக் கேட்டு ஓடிவாராகன்னு நேரம் போட்டு எழுது. உன் பெரிய மகன் எதுக்குக் கத்துனான், உன் பொண்டாட்டி அடுப்படியில எதுக்குத் திணறினா, உங்கம்மா எதுக்காகச் சுவத்தைப் பிடிச்சா, நீ எத்தனாவது நிமிசத்துல பொறுமை இழந்தே, எல்லாத்தையும். அந்தத் தாளை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போ. காப்பி குடுத்தாக் குடி, தாள்ல இல்லாத சாமானுக்குத் தலையாட்டாதே.

ஆனா மெயினை இறக்கப்போற சேதியை உங்க அத்தைகிட்ட முந்தின நாளே சொல்லி வச்சிரு. ஞாயித்துக்கிழமை ஏழரைக்கு அவ உன் வீட்டுப் பெரிய டிவி முன்னாலதான் வந்து உக்காருவா. சொல்லாம இறக்கினேன்னா, நோட்டுல முதல் வரி அவளுதாத்தான் இருக்கும். அதை நீ எழுத முடியாது.